தட்டுனா விடணும்

அத்தியாயம் பதினொன்று

பால்ச்சாமி சொன்னால் சொன்னதுதான். வியாழக்கிழமை காரோடு வருவேன் என்று போன வாரம் போனில் சொல்லியிருந்தான். வியாழக்கிழமை விடிந்துவிட்டது.

“அண்ணனை வத்திராயிருப்புக்குக் கூட்டிட்டுப் போயிருதேன் மதினி. மில்லுக்கும் போயி, ஆளையும் தூக்கி எறக்கி, அந்த உருளுற கிளாசுக்கும் போயி… ஒரு ஆளு எம்புட்டுத்தான் செய்வீக? விட்ருங்க” என்றான்.

மாரிக்கனி அப்படியே போனை வைத்துவிட்டாள்.

போன ஆடியில் அவள் புருஷன் லோடுமேன் இசக்கிமுத்து, பஞ்சு பேல் பொதியைத் தூக்கிய இடத்திலேயே வலப்பக்கமாகச் சரிந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, மதுரைக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியவன் இந்தக் கொழுந்தன்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்து வாரக்கணக்கில் கிடந்தவனும் அவன்தான். உயிரோடு திருப்பிக் கொடுத்தவன் வந்து ஆளைக் கேட்கிறான். தர மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

தரவும் மனம் இல்லை. அதுதான் இந்த வாரம் முழுக்க அவளை அரித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் இருப்பது ஒற்றை அறை வீடு. எழுந்ததும் முதல் வேலை, இசக்கிமுத்துவைக் கட்டிலிலிருந்து எடுத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைப்பது. பேல் சுமந்து இறுகிய உடம்பு அது. பாதி செத்துவிட்டது என்பதற்காகக் கனம் பாதியாகிவிடவில்லை.

மாரிக்கனி அவருடைய வலது கையை எடுத்துத் துண்டைப் போலத் தன் கழுத்தில் சுற்றிப் போட்டாள். இழுத்து இறுக்கிக்கொண்டாள். இடுப்பை அவருக்கு அடியில் நுழைத்து ஒரே மூச்சில் எழுந்தாள். இடுப்பைக் கொடுக்கும் அந்த வித்தை மட்டும் கிளாசில் படித்தது. அதற்கு முன்னால் பக்கத்து வீட்டு வேலுத்தாய் வந்து காலைப் பிடித்தால்தான் ஆள் அசைவார்.

அவள் எழும்போது அவருடைய இடது கை அவள் முதுகில் விழுந்தது. தட். தட்.

லோடுமேன்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. லாரியில் நிற்பவன் கீழே நிற்பவன் முதுகில் மூடையைச் சரிப்பான். மூடை ஒழுங்காக உட்கார்ந்ததும் முதுகில் இரண்டு தட்டு. ‘ஏறிட்டு, நட’ என்று அர்த்தம். மூடைக்கு அடியில் தலை கவிழ்ந்து நிற்பவனுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. தட்டுதான் பேச்சு.

வாய்ப்பேச்சு போன பிறகும் அந்தப் பேச்சு இவருக்கு மிச்சம் இருக்கிறது என்று மாரிக்கனி நம்பினாள். தினமும் விடிந்ததும் அவளுக்குக் கிடைக்கிற ஒரே நல்ல வார்த்தை அது.

“பாத்தியா வேலுத்தாயி, இன்னைக்கும் தட்டிக் குடுத்துட்டாக.”

வேலுத்தாய் வாசலில் கட்டுத்துணி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் வாங்கி வந்து மடித்துக் கொடுக்கிற, காயத்துக்குக் கட்டும் மருந்துத் துணி. அவள் மடிப்பது இந்த வாசலில் உட்கார்ந்துதான். ஆளையும் பார்த்துக்கொள்வாள், வேலையும் நடக்கும்.

“ஏட்டி, இன்னைக்கு ஒனக்கு வார லீவுதான? அந்தக் கொழுந்தன் வார நாள் அதுவுமா எங்கிட்டுக் கெளம்புத?”

“கிளாசுக்கு.”

“அவன் சொல்லுததும் சரியாத்தான் இருக்கு. குடும்பம் நடுத்தெருவுல நிக்கையில நீ போயி உருளுத.”

“பஸ் போயிரும். அவியளுக்கு இட்லியைப் பிச்சுக் குடு. சட்னி வேண்டாம், காறுனா இருமுவாக” என்றபடி செருப்பை மாட்டினாள் மாரிக்கனி.

*

ராஜபாளையத்தில் அதைப் ‘பாய் கிளாஸ்’ என்றுதான் சொல்வார்கள். தரையில் பாய் மாதிரி மெத்தை விரித்து உருளுவதால் அந்தப் பெயர் என்பார் ஒருவர். சொல்லிக்கொடுக்கிறவள் பெயர் கிருபாபாய் என்பதால் என்பார் இன்னொருவர். ஆட்டோக்காரர்கள் யாரோ ஒரு பாய் நடத்துகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையில் அது ஜுஜிட்சு, ஜப்பான்காரர்களின் மல்யுத்தம். பெங்களூரில் வேலை பார்த்த இடத்தில் கற்றுக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பி வந்தவள் கிருபாபாய். ஒரு காலத்தில் பஞ்சுப் பொதி அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்று சும்மா கிடந்தது. ஒட்டடை அடித்து, மில்லில் கழித்துப் போட்ட பஞ்சைத் தார்ப்பாய்க்குள் திணித்துத் தைத்து, ஊர்க்காரர்களே மெத்தை போட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் பெரியவர்கள். மில் பெண்கள், கொத்தனார், பால்காரர், பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா.

உடுப்பு தளவாய்புரத்துச் சரக்கு. கிளாசுக்கு வரும் ஜெயசித்ரா அங்கே நைட்டி தைக்கிறவள். முதலில் தைத்த மேல்கோட்டுக்குக் கைப்பழக்கத்தில் கழுத்தில் லேஸ் வைத்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் உருண்டவர் கொத்தனார்.

மாரிக்கனி இங்கே வந்து சேர்ந்த கதையும் பெரிய கதை இல்லை. ஷிப்ட் முடிந்து போகும்போது கிட்டங்கிக் கதவு திறந்திருந்தது. நரம்பு மாதிரி இருந்த ஒரு பெண், தன்னைப்போல் இரண்டு மடங்கு இருந்த கொத்தனாரைக் கீழே கிடந்தபடியே புரட்டிப் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற மாரிக்கனி, “ஏம்மா, படுத்த ஆளை இப்படிப் பெரட்டலாமா?” என்று வாசலிலிருந்தே கேட்டாள். அவ்வளவுதான்.

அன்றைக்குக் கிருபாபாய் அவளுக்குச் சொன்ன முதல் பாடம் பிடியும் இல்லை, புரட்டலும் இல்லை.

“அக்கா, இங்க ஒரே சட்டம்தான். எதிராளி தட்டுனா விடணும். பாயில தட்டுனாலும் சரி, உங்க மேல தட்டுனாலும் சரி. ஏன், எதுக்குன்னு கேக்கக்கூடாது. அடுத்த நொடி விட்ரணும்.”

இன்றைக்கு அவளைப் பார்த்ததும் கிருபாபாய் கேட்டாள்: “லீவு நாள்தானக்கா? வீட்ல இருக்கலாம்ல?”

“மத்தியானம் கார் வருது பாய். அவியளைக் கார்ல ஏத்தணும். இல்ல, ஏத்தாம இருக்கணும். ரெண்டுல எதுன்னு தெரியல. எதுவானாலும் எம்புருசனை நான்தான் தூக்குவேன். கொழுந்தன் கண்ணு முன்னால தூக்கிக் காட்டணும். இவளால முடியாதுன்னு அவன் வாயில வரக்கூடாது.”

கிருபாபாய் சுற்றிலும் பார்த்தாள். “அண்ணாச்சி எடைக்கு ஆள் வேணுமே.”

எல்லாரும் ராக்கப்பனைப் பார்த்தார்கள். இரண்டு நாளாகத்தான் வருகிறான். அவனும் லோடுமேன்தான். நின்றால் கிட்டங்கிக்கே இன்னொரு தூண் மாதிரி இருப்பான்.

அவனை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். வலது கையையும் காலையும் தொங்கவிடச் சொன்னார்கள். மாரிக்கனி வீட்டில் செய்வது போலவே அவன் கையை எடுத்துக் கழுத்தில் போட்டு, இழுத்து, இடுப்பைக் கொடுத்து, தூக்கிவிட்டாள். கிட்டங்கியே கைதட்டியது. கொத்தனார் விசிலடித்தார்.

“எக்கா, என்னையே தூக்கிட்டீகளே! நாளைக்கு லாரிக்கு வாங்க” என்றான் ராக்கப்பன்.

கிருபாபாய் மட்டும் கைதட்டவில்லை. “இப்ப மாத்திக்கிடுங்க. அக்கா, இப்ப நீங்கதான் அண்ணாச்சி, ராக்கப்பண்ணன்தான் நீங்க. வலது கை உங்களுக்குக் கிடையாது. வாயும் பேசக்கூடாது. இவங்க செஞ்ச மாதிரியே நீங்க தூக்குங்கண்ணே.”

மாரிக்கனி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையைத் தொங்கவிட்டாள். சிரிப்பாக வந்தது.

ராக்கப்பன் கையை எடுத்தான். கழுத்தில் போட்டான். இழுத்தான்.

சிரிப்பு நின்றுவிட்டது. தோளுக்குள் யாரோ கடப்பாரையை விட்டு நெம்பியது போல இருந்தது. உடம்பின் கனம் முழுவதும் அந்த ஒரு மூட்டில் தொங்கியது. வாய் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இடது கை எட்டிய இடம் அவன் முதுகுதான். தட்டினாள். தட். தட்.

ராக்கப்பன் ‘ம்’ என்று தம் கட்டி நிமிர்ந்தான். விடவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டான்.

தட் தட் தட் என்று மாரிக்கனி அடித்தாள். அவன் இன்னும் வேகமாக நடந்தான்.

“அண்ணே! விடுங்க! தட்டுதாங்க பாருங்க, விடுங்க!” கிருபாபாய் ஓடிவந்து அவன் கையைப் பிரித்தாள்.

ராக்கப்பன் விழித்தான். “முதுகுலதான தட்டுனாக? லோடு ஏறிட்டு, நடன்னுல்லா நெனச்சேன்! திரும்பத் திரும்பத் தட்டவும், வெரசாப் போகச் சொல்லுதாகன்னு…”

சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பேங்க் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மாரிக்கனி பாயில் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் வலது தோளைப் பிடித்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

“வலிக்காக்கா? ஐஸ் வைப்போமா?” என்று ஜெயசித்ரா குனிந்தாள்.

“எம்புட்டு நாளா…” என்றாள் மாரிக்கனி.

“என்னது?”

“தெனமும் தட்டுதாக. தெனமும். ஆடியில இருந்து. நானும் இந்தக் கையைத்தான் இழுக்கேன். நான் தூக்குததுக்கு மெச்சுதாகன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதேன்.”

சிரிப்புச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. ராக்கப்பன் தலையைக் குனிந்துகொண்டான். “லோடுமேனுக்குத் தட்டுன்னா அதான்க்கா அர்த்தம். நானே தப்பா நெனச்சுட்டேன்லா?” என்றான்.

“அவியளுக்கு இருக்கது ஒரு கை. எதைச் சொன்னாலும் அந்தக் கையாலதான் சொல்ல முடியும். இது எனக்குத் தோணலையே” என்றாள் அவள்.

கிருபாபாய் அவளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மாரிக்கனி உடுப்பின் மேல் கட்டியிருந்த வெள்ளை பெல்ட்டை அவிழ்த்து எடுத்தாள்.

“ராக்கப்பண்ணே, மறுபடி உக்காருங்க. அக்கா, பாருங்க. கையைத் தொடவே கூடாது. பெல்ட்டை அவங்க இடுப்புல சுத்தி முடிச்சுப் போடுங்க. உங்க ரெண்டு கையும் அக்குளுக்கு அடியில போயி முதுகுப் பக்கம் பெல்ட்டைப் பிடிக்கணும். கட்டிப்பிடிக்கிற மாதிரி. செத்த காலுக்கு உங்க முட்டியை அண்டை குடுங்க. அவங்களை முன்னால சாய விடுங்க, தோள் மேல. இப்ப எந்திரிங்க.”

அத்தனை பெரிய ஆள் மாவு மூட்டை போல நோகாமல் எழுந்து வந்தான்.

“வலிக்குதாண்ணே?”

“எங்கம்மா தூக்குன மாதிரி இருக்கு” என்றான் ராக்கப்பன்.

திரும்பத் திரும்பச் செய்தார்கள். பிறகு கிருபாபாய் சொன்னாள்: “நான் டாக்டர் இல்லக்கா. தோள்ல என்ன ஆயிருக்குன்னு எனக்குத் தெரியாது. பெரியாஸ்பத்திரியில எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்கவங்க இருப்பாங்க. தோளைக் கட்டாயம் காட்டுங்க.”

மாரிக்கனி தலையாட்டினாள். எழுந்து போய் வாளியில் பினாயில் ஊற்றிக்கொண்டு வந்து மெத்தையைத் துடைக்க ஆரம்பித்தாள். இன்றைக்கு அவள் முறை இல்லை. யாரும் தடுக்கவில்லை.

அவள் பிறந்து வளர்ந்தது செங்கல் சூளையில். அங்கே நன்றி என்ற சொல்லை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்காக நீ ஒரு நடை சுமந்தால், உனக்காக நான் ஒரு நடை சுமப்பேன். அவ்வளவுதான் தெரியும். முழு மெத்தையையும் துடைத்து முடித்தபின், மறுபடி முதல் மூலைக்குப் போய் இரண்டாம் தடவை துடைத்தாள்.

கிளம்பும்போது ராக்கப்பனிடம் மட்டும் நின்றாள். “நல்லா இருப்பலே” என்றாள். தோளைத் திருகிவிட்டவனை ஒருத்தி வாழ்த்திவிட்டுப் போவதைக் கொத்தனார் ஆச்சரியமாகப் பார்த்தார்.

*

மத்தியானம் வருவதாகச் சொன்ன கார், அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்குள் வீட்டு வாசலில் நின்றது.

மாரிக்கனி ஓடினாள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வேலுத்தாய் மருந்துத் துணியை மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே பால்ச்சாமி. அண்ணனின் வலது கை அவன் கழுத்தில். அதை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பாதி தூக்கி, வாசலைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். இசக்கிமுத்துவின் இடது கை அவன் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. தட். தட். தட்.

பால்ச்சாமி அழுதுகொண்டிருந்தான்.

“பாத்தீகளா மதினி! அண்ணன் எனக்குத் தட்டிக் குடுக்காரு! கூட்டிட்டுப் போடா தம்பின்னு சொல்லுதாரு. வாய் இல்லேன்னாலும் எங்கண்ணனுக்கு எம்மேல எம்புட்டுப் பாசம் பாருங்க…”

“விடு!” என்று கத்தினாள் மாரிக்கனி. “தம்பி, கையை விடு! தட்டிக் குடுக்கல, விடச் சொல்லுதாக!”

“என்னது?”

“கையை விடுன்னு சொல்லுதேன்லா!”

கொழுந்தனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. பால்ச்சாமி திகைத்துப்போய் அண்ணனை நாற்காலியில் இறக்கினான். கையை விட்டான். தட்டும் நின்றது.

“நல்லா இருக்கு” என்றான். முகம் சிவந்துவிட்டது. “நீங்க கண்டவனோட உருண்டு எந்திரிச்சு வருவீக. எங்கண்ணனை நான் தொடக்கூடாது. அப்படித்தான?”

“தொடு. கையை இழுக்காத.” மாரிக்கனி கணவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. “ஏங்க… இந்தத் தோளு வலிக்கா? நாங்க தூக்கையில எல்லாம் வலிச்சுச்சா? அதுக்குத்தான் தட்டுனீகளா?”

இசக்கிமுத்து அவளைப் பார்த்தார். இழுத்துக்கொண்ட வாய் துடித்தது. இடது கை எழுந்தது. அவள் தலை மேல் வந்து இறங்கியது. தட்டவில்லை. அப்படியே வைத்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் நாடி வரைக்கும் வழிந்தது.

வேலுத்தாய் எழுந்து வந்துவிட்டாள். “அட பாவி மக்கா. நானும் தெனமும் பக்கத்துல நின்னு பாத்தேனே.”

மாரிக்கனி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இங்க பாருங்க. இனிமே ஒரே சட்டம். வேண்டாம்னா தட்டுங்க. நாங்க விட்ருவோம். சரின்னா சும்மா இருங்க. புரியுதா?”

கை அசையவில்லை.

“பசிக்கா? சோறு வைக்கவா?”

தட்டினார்.

“காபி?”

அசைவில்லை.

“வேலுத்தாயி, ஒரு காபி போடு.”

தட் தட் தட் தட்.

முதலில் சிரித்தது பால்ச்சாமிதான். பிறகு மாரிக்கனி. இசக்கிமுத்துவின் வாயும் பாதிப் பக்கம் விரிந்தது.

“எம்புட்டு மாசமா எங்காபியைக் குடிச்சாரு!” என்று இடுப்பில் கை வைத்தாள் வேலுத்தாய். “அண்ணே, வாய் இல்லாததால பொழைச்சேன்!”

சிரிப்பு அடங்கியதும் எல்லாருக்கும் ஒன்று உறைத்தது. இந்த மனிதருக்கு ஒன்றும் விளங்குவதில்லை என்று நினைத்துத்தான் இத்தனை மாதமும் அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசினார்கள். யார் வைத்துக்கொள்வது, யார் கூட்டிப்போவது என்று பங்கு பிரித்தார்கள். ஒரு தடவையாவது அவரைக் கேட்கவில்லை.

பால்ச்சாமி அண்ணன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முரட்டுத்தனம் போன இடம் தெரியவில்லை.

“அண்ணே. எங்கூட வத்திராயிருப்புக்கு வாரியா? வேண்டாம்னா தட்டு. நான் கோவிச்சுக்கிட மாட்டேன். காரைத் திருப்பிக்கிட்டுப் போயிருதேன்.”

மாரிக்கனி அந்தக் கையைப் பார்த்தாள். தட்டுவார். இப்போது தட்டுவார்.

முட்டி மேல் இருந்த கை அப்படியே இருந்தது.

“அண்ணே, நல்லா கேட்டியா? வாரியா?”

கை அசையவில்லை.

வேலுத்தாய் மாரிக்கனியைப் பார்த்துவிட்டு, பார்வையைத் தரையில் போட்டாள். பால்ச்சாமிக்கும் ஜெயித்த முகம் இல்லை.

மாரிக்கனி எழுந்தாள். இந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்று அவளுக்குத் தெளிவாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இன்றைக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லாமல் இருப்பதும் அவர் இஷ்டம்தான். தனக்குப் பிடித்த பதில் வரவில்லை என்பதற்காகச் சட்டத்தை மாற்ற முடியுமா? இத்தனை நாள் பதிலே இல்லாமல்தானே ஆளைச் சுமந்தாள். பதில் சொல்கிற புருஷன் திரும்பக் கிடைத்திருக்கிறான். அந்தக் கிட்டங்கிக்கு அவள் பட்ட கடன் அது. இன்றைக்கு அழுதால் அது கூறுகெட்டத்தனம்.

லுங்கிகளையும் மாத்திரைப் பையையும் எடுத்து வைத்தாள். கிளாசிலிருந்து கொண்டுவந்த வெள்ளை பெல்ட்டை அவர் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“மதினி, நான் ஒரு பக்கம்…”

“நீங்க போயிக் கதவைத் திறங்க தம்பி. நான் கொண்டாறேன்.”

இரண்டு கையும் அக்குளுக்கு அடியில். முட்டி அண்டை கொடுத்தது. அவர் முகம் அவள் தோளில் சாய்ந்தது. எழுந்தாள். முதுகுக்குப் பின்னால் அவருடைய இடது கை தொங்குவதை உணர்ந்தாள். அது தட்டுமோ தட்டுமோ என்று ஒவ்வொரு எட்டுக்கும் காத்திருந்தாள்.

தட்டவில்லை. வாசல் வரை தட்டவில்லை. படி இறங்கும்போதும் தட்டவில்லை. தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். பால்ச்சாமி கார்க் கதவைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றான்.

“இதையா அங்க சொல்லிக் குடுக்காக?” என்றான்.

“இதையும்” என்றாள் மாரிக்கனி.

முன் சீட்டில் உட்காரவைத்தாள். காலை உள்ளே எடுத்து வைத்தாள். வலது கைக்கு அடியில் துண்டைச் சுருட்டிக் கொடுத்தாள். “தோளை டாக்டர்கிட்டக் காட்டணும் தம்பி. மறந்துறாதீக” என்றாள். கதவைச் சாத்தினாள்.

தட். தட்.

திறந்தாள். “என்னங்க? கால் வசமா இருக்கா?”

அசைவில்லை. கால் சரியாகத்தான் இருந்தது. மறுபடி சாத்தினாள்.

தட் தட் தட் என்று கதவு அதிர்ந்தது.

பால்ச்சாமி டிரைவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். “என்னண்ணே, வர மனசு இல்லையா? எறக்கிவிடவா?”

தட்டினார்.

“எறக்கவும் வேண்டாங்காரு. வேற என்ன மதினி?”

மாரிக்கனி கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். கை அடங்கியது. சாத்தப் போனாள். கை எழுந்தது.

“ஏட்டி கூறுகெட்டவளே!” வாசலிலிருந்து வேலுத்தாய் கத்தினாள். “ஒன்னைய வெளிய நிப்பாட்டிட்டுக் கதவைச் சாத்துததைத்தான் அவிய வேண்டாங்காக! இதுகூட விளங்கலையா? ஏறுட்டி! வீட்டை நான் பூட்டிக்கிடுதேன்.”

மாரிக்கனி கணவன் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தூரத்தில் எதையோ பார்ப்பது போல வைத்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தபோதும் இதே முகம்தான்.

“நான் வரணுமா?”

கை முட்டி மேல் சும்மா இருந்தது.

கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து ஏறினாள். மாற்றுச்சேலை எடுக்கவில்லை. மில்லுக்குச் சொல்லவில்லை. கிளாஸ் என்ன ஆகும் என்று தெரியவில்லை. பெல்ட் தன் இடுப்பில் இல்லாமல் அவர் இடுப்பில் இருப்பது மட்டும் ஏனோ நிம்மதியாக இருந்தது.

“தம்பி, அங்கிருந்து விடியக்காலம் மொத பஸ் எப்ப? ஷிப்ட்டுக்கு வரணும்ல?”

பால்ச்சாமி சாவியில் கை வைத்தான். திருகவில்லை.

“பஸ் கெடக்கட்டும் மதினி. அங்க போயி எறங்குறதுக்கு முன்ன உங்ககிட்ட ஒண்ணு சொல்லியாகணும். அண்ணனை நான் எதுக்கு இம்புட்டு அவசரமாக் கூப்பிட வந்தேன்னா…”

தட். தட்.

காரின் முன்பலகை மேல் இசக்கிமுத்துவின் இடது கை. கண் நேரே கண்ணாடிக்கு வெளியே இருந்தது.

பால்ச்சாமி அண்ணனைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். சாவியைத் திருகினான். வண்டி நகர்ந்தது.

“என்னத்தை வேண்டாங்குதீக?” முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கேட்டாள் மாரிக்கனி.

அதற்குத் தட்டிப் பதில் சொல்ல முடியாது.